பழைய டர்போ வேகன்: வால்வோவா, சாபா, சுபாருவா, பஸாட்டா?

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பியிருந்தார். 2005 சுபாரு அவுட்பேக் எக்ஸ்டி, 2,10,000 கி.மீ. ஓடியது. இன்ஜின் சூப்பர், சின்னச் சின்ன வேலைதான் பாக்கி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே மாப்பிள்ளையின் கேள்வி: "மச்சான், 7,000 டாலருக்குள்ள ஒரு டர்போ வேகன் பார்க்கிறேன். இதை எடுக்கலாமா?"

அவர் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து லண்டனில். இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், வருடத்தில் பாதி நாள் குளிர். மினிவேன் என்றால் முகத்தைச் சுளிப்பார். எஸ்யூவியின் உயரம் என் தங்கைக்குப் பிடிக்காது. வேகன், அதாவது கூரை பின்கதவு வரை நீண்டு பின்னால் சாமான் இடம் விட்ட கார் வேண்டும், ஹைவேயில் லாரியை முந்தும்போது மூச்சு வாங்கக் கூடாது, விலையும் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் மிஞ்சுவது நான்குதான்: வால்வோ வி70, சாப் 9-5, சுபாரு லெகஸி ஜிடி அல்லது அதன் அண்ணன் அவுட்பேக் எக்ஸ்டி, வோக்ஸ்வாகன் பஸாட் 1.8டி. எல்லாமே 15 வயதைத் தாண்டியவை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை இந்த வண்டிகளுக்காகவே சொல்லி வைத்தார்களோ என்று தோன்றும்.

கோளாறே வராத வண்டி எது என்று தேடினால் ஒன்றும் தேறாது. எந்த வண்டியின் கோளாறு முன்கூட்டியே முனகிக் காட்டும், எது சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜினையே கொண்டுபோகும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நான் பார்ப்பது அப்படித்தான்.

அதற்கு முன் டர்போவைப் பற்றிக் கொஞ்சம். உள்ளே இருப்பது ஒரு தண்டு. அதன் ஒரு முனையில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றுகிற சக்கரம், மறுமுனையில் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிற சக்கரம். முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். இந்த வயது வண்டிகளில் அந்தத் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. ஆயில் வராவிட்டாலோ, வருகிற ஆயில் கெட்டுப்போயிருந்தாலோ தண்டு ஆடத் தொடங்கும், சக்கரம் சுவரில் உரசும், நீலப் புகை வரும். "டர்போ போயிடுச்சு" என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஆயில் எங்கோ வழிதவறிப் போனதன் கடைசிக் காட்சி. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது டர்போ மாட்டினால் அதுவும் சில மாதத்தில் முந்தையதைப் பின்தொடரும்.

இதை நான் பணம் கட்டித்தான் கற்றேன். முதலில் வாங்கிய டர்போ வேகன் எந்தக் கம்பெனியுடையது என்பது இருக்கட்டும். வெளியே பளபளவென்று இருந்தது. ஆயில் மாற்றிய ரசீது ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்கியது. ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் மூடியைத் திறந்து உள்விளிம்பை விரலால் வழித்தால் ஆறிப்போன அல்வா போலக் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு எந்தப் பழைய வண்டியைப் பார்க்கப் போனாலும் என் விரல் முதலில் போவது அந்த மூடிக்குத்தான்.

சரி, வால்வோ. 1994 பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்துக்கு மற்றவர்கள் செடானோடு வந்தபோது இவர்கள் 850 வேகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரிக்கார்ட் ரூடெல்லும் யான் லாமர்ஸும் ஓட்டினார்கள். கோப்பை கிடைக்கவில்லை, ஆனால் வேகன் என்றால் தாத்தா வண்டி என்ற பேச்சு கொஞ்சம் அடங்கியது. அந்த 850 தான் பிறகு வி70 ஆனது. மாப்பிள்ளை பட்ஜெட்டுக்கு வருவது 2000 முதல் 2007 வரை வந்த இரண்டாம் தலைமுறை. ஐந்து சிலிண்டர் அலுமினிய இன்ஜின். பராமரித்தால் 3,00,000 கி.மீ. தாண்டியும் ஓடுகிற வகை.

இதன் பெரிய வியாதி மூச்சடைப்பு. எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசியும். அது வெளியேற ஒரு வழி வேண்டும். வால்வோவில் அந்த வழி, காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் ஊடாகப் போகிறது. காலப்போக்கில் அந்தப் பெட்டியும் அதன் குழாய்களும் கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். வாயு போக இடமில்லாமல் ஆயில் சீல்களைத் தள்ளும். கேம் சீல், டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வருகிற குழாயின் சீல், கடைசியில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் பின் சீல். பெட்டி பெரிய விலையில்லை. ஆனால் பின் சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், கூலி அங்கேதான் எகிறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மெல்லிய ரப்பர் கையுறை போதும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஃபில்லர் மூடியைக் கழற்றி, அந்த வாயில் கையுறையை மாட்டுங்கள். கையுறை உள்ளே இழுபட்டால் மூச்சு சரியாக இருக்கிறது. ஐந்து விரலும் மெல்ல நிமிர்ந்து நின்று உங்களுக்கு டாட்டா காட்டினால் அடைப்பு. ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவும்போது குழாயிலிருந்து புகை வந்தாலும் அதே அர்த்தம்தான். விற்பவர் முன்னாலேயே செய்யலாம். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பதும் சோதனையில் ஒரு பகுதி.

1999 முதல் 2002 வரையிலான வால்வோ மாடல்களில், ஆக்ஸிலரேட்டர் மிதிப்புக்கேற்ப இன்ஜினுக்குள் காற்றை விடுகிற எலக்ட்ரானிக் த்ராட்டில் ஒரு தலைவலி. உள்ளே இருக்கும் சென்சார் தேய்ந்து, வண்டி திடீரென்று சக்தி இழந்து நொண்டும். வால்வோவே அமெரிக்காவில் அந்த உறுப்புக்கான உத்தரவாதத்தை 10 வருடம், 2,00,000 மைல் வரை நீட்டிக்க வேண்டி வந்தது. 2004-க்குப் பிந்திய 2.5டி எடுத்தால் இந்தக் கதை இல்லை. ஆட்டோமேட்டிக் என்றால் ஐஸின் கம்பெனியின் ஐந்து கியர் பெட்டி வரும். இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது ஒரு நொடி ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால், அல்லது சிக்னலில் நிற்பதற்கு முன் யாரோ பின்னாலிருந்து இடித்தது போல இருந்தால், உள்ளே கியர் ஆயிலைத் திசைதிருப்பிக் கியர் மாற்றுகிற வால்வ் பாடி தேய்ந்திருக்கிறது. கியர் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்ற பேச்சை நம்பியவர்கள் வண்டியில்தான் இது அதிகம். அந்தப் பெட்டிக்கு டிப்ஸ்டிக் உண்டு. இழுத்துப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் நல்லது, காபி டிகாஷன் நிறத்தில் இருந்தால் பேரம் பேசுங்கள்.

டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் இன்ஜின் இது. கி.மீ. எவ்வளவு குறைவாக இருந்தாலும் 10 வருடம் தாண்டிய பெல்ட்டை நம்பக் கூடாது. சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், முன் ஸ்ட்ரட்டின் மேலிருக்கும் ரப்பர் எல்லாம் தேயும், தட்டும், கிறீச்சிடும். அவை காதில் விழுகிற வியாதிகள். விலையும் தாங்கும்.

வால்வோவில் நான் ஒதுக்குவது நான்கு சக்கரமும் இழுக்கிற ஆல்-வீல் டிரைவ். கியர்பாக்ஸுக்கும், சக்தியைப் பின்பக்கம் திருப்புகிற ஆங்கிள் கியருக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு வளையத்தின் பற்கள் மொட்டையாகிவிடும், பின் சக்கரங்களை இணைக்கிற ஹால்டெக்ஸ் கிளட்சின் எலக்ட்ரானிக் பெட்டியும் போகும். பின் சக்கரம் வேலை செய்யவில்லை என்பதே தெரியாமல் வருடக்கணக்கில் முன் சக்கரத்தில் ஓட்டிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளை கேட்டார்: "பனிக்கு ஆல்-வீல் வேண்டாமா மச்சான்?"

"கிளம்பறதுக்கு உதவும், நிக்கறதுக்கு உதவாதுங்க மாப்பிள்ளை. நாலு நல்ல விண்டர் டயர் போடுங்க."

சுபாருவுக்கு வருவோம், அவர் மனசு இருப்பது அங்கேதான். நியாயம்தான். 2005 மாடலாக வட அமெரிக்காவுக்கு வந்த அந்த லெகஸி ஜிடி வேகன் இந்த நான்கில் ஓட்டுவதற்கு மிக இன்பமானது. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டரும் படுத்திருக்கும் இன்ஜின், 250 குதிரைத்திறன். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும், எடை தாழ்வாக உட்கார்ந்திருக்கும். வளைவில் போனால் வேகன் என்பதே மறந்துவிடும்.

அதே இன்ஜின்தான் சொல்லாமல் கொல்கிற ரகம். டர்போவுக்கு ஆயில் போகிற குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் பான்ஜோ போல்ட் என்று ஒன்று இருக்கிறது, நடுவில் துளையிட்ட போல்ட். அதற்குள் விரல் நுனி அளவுக்கு ஒரு வலை வடிகட்டி. டர்போவுக்குத் தூசி போகக் கூடாது என்று வைத்தது. ஆயிலைத் தாமதமாக மாற்றுகிறவர் கையில் அந்த வலை கரியால் அடைத்துக்கொள்ளும். டர்போவைக் காக்க வைத்த சல்லடையே அதைப் பட்டினி போடும். டர்போ பேரிங் உதிர்ந்தால் அந்த உலோகத் துகள் ஆயிலோடு கீழே இறங்கும், அங்கிருந்து இன்ஜினின் முக்கியத் தண்டைத் தாங்குகிற க்ராங்க் பேரிங்குகளுக்குப் போகும். டர்போ மட்டும் மாற்றி, இன்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விட்டால், அடுத்து இன்ஜின் அடியிலிருந்து தட்டுகிற சத்தம்தான்.

இத்தோடு பிஸ்டனில் ரிங் உட்காரும் மேடு உடைவதும் உண்டு. ஆயில் குடிப்பதும் உண்டு, அளவைப் பார்க்காமல் ஓட்டுகிறவர் கையில் அதுவே ஆபத்து. இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் கசிவைத் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். அந்தக் கெட்ட பெயர் முக்கியமாக டர்போ இல்லாத 2.5 இன்ஜின் சம்பாதித்தது. டர்போ வண்டியில் வந்தது பல அடுக்கு எஃகு கேஸ்கெட், அது எவ்வளவோ மேல். ஆக, பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் பயப்பட வேண்டாததற்குப் பயந்துகொண்டு வாங்குகிறவர்கள்தான் நிறைய.

அந்த விளம்பரத்துக்காரரிடம் மாப்பிள்ளையை இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன். ஆயில் எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினீர்கள், ரசீது இருக்கிறதா? பான்ஜோ போல்ட் வடிகட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் கேள்விக்கு "ரெகுலரா" என்று பதில் வந்தது. இரண்டாவது கேள்விக்கு, அது என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அப்புறம் நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஒரு டயர் வெடித்தால் சில நேரம் நான்கையும் மாற்ற வேண்டும். ஒன்டாரியோ சாலை உப்பில் இதன் பின் சக்கர வளைவுகள் துருப்பிடிப்பதும் பார்த்தாலே தெரியும். பெயின்ட் குமிழ் விட்டிருந்தால் உள்ளே இன்னும் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாப் 9-5 பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பாசம் வந்துவிடும், அதைக் கழித்துப் படியுங்கள். இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலி. ஆனால் 2003 வரையிலான வண்டிகளில் ஆயில் சேறாகும் வியாதி இருந்தது. மூச்சு விடும் அமைப்பு சரியில்லை, பக்கத்திலேயே, எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடு வேறு சம்ப்பைச் சுட்டது. சேறு ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். சாப் பிறகு அந்த அமைப்பைத் திருத்தியது. அதனால் 2004-க்குப் பிந்தியதுதான் பார்க்க வேண்டும், அதிலும் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைப் பார்த்த ரசீது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு வாங்கலாம்.

இன்னும் இரண்டு குறும்புகள். நான்கு ஸ்பார்க் பிளக்குக்கும் மின்சாரம் கொடுத்து அவற்றின் மேலேயே உட்காரும் ஒரே இக்னிஷன் கேஸட் திடீரென்று உயிரை விடும். சாப்காரர்கள் டிக்கியில் ஒன்று கூடுதலாக வைத்திருப்பார்கள். மாற்றுவது பத்து நிமிட வேலை. க்ராங்க் சென்சார் சூடானால் வண்டியை நிறுத்தும், ஆறினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். நின்றுபோகும், ஆனால் இன்ஜினைக் கெடுக்காது. கம்பெனியே 2011 டிசம்பரில் திவாலாகிவிட்டது. வண்டி ஓடத் தேவையான உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன, ஆனால் கதவு மோல்டிங், விளக்கு போன்றவற்றுக்குப் பழைய வண்டி உடைக்கிற யார்டைத்தான் நம்ப வேண்டும். பக்கத்தில் சாப் தெரிந்த மெக்கானிக் இல்லையென்றால் வேண்டாம்.

பஸாட்டுக்கு நீளமாக எழுத மனமில்லை. 1.8டி இன்ஜின் நல்லதுதான், ஆடி ஏ4-லும் அதுவேதான். ஆனால் சின்ன ஆயில் ஃபில்டர், குறைந்த ஆயில், நீண்ட இடைவெளி என்று எல்லாம் சேர்ந்து இதுவும் சேறு கட்டியது. வோக்ஸ்வாகன் 2004-ல் அதற்கான உத்தரவாதத்தை 8 வருடமாக நீட்டித்தது. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இக்னிஷன் காயில், நொறுங்குகிற வேக்யூம் குழாய், முன் சஸ்பென்ஷனில் பக்கத்துக்கு நான்கு கைகள். எல்லாவற்றையும்விட மோசம், பேட்டரிக்குக் கீழே இருக்கும் வடிகால் இலையால் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கிக் கம்பளத்துக்கு அடியில் தேங்குவது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். முன் இருக்கைக் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் என்றால் திரும்பி நடங்கள்.

எந்த வண்டியானாலும் பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், போனதும் போனெட்டில் கை வையுங்கள். ஒருமுறை காலை எட்டு மணிக்குப் போனேன், மைனஸ் குளிரில் போனெட் வெதுவெதுப்பாக இருந்தது. பையனை இப்போதுதான் பள்ளியில் விட்டு வந்ததாகச் சொன்னார். அன்று ஞாயிற்றுக்கிழமை. குளிர்ந்த இன்ஜினை முதலில் கிளப்பும்போதுதான் நீலப் புகையும், சங்கிலியின் கடகடப்பும், பேரிங் தட்டலும் வெளியே வரும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கிற மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்றையும் கொண்டுபோங்கள். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்பதால் மட்டும் மகிழ வேண்டாம். வண்டி தன்னைத்தானே செய்துகொள்கிற சோதனைகளில் பாதி "முடியவில்லை" என்று ஸ்கேனர் காட்டினால், நேற்றோ இன்றோ யாரோ கோளாறுக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒன்டாரியோவில் கொடுக்கிற ஸேஃப்டி சர்டிஃபிகேட் பிரேக், டயர், ஸ்டியரிங், துரு போன்றவற்றுக்கானது. இன்ஜின் உள்ளே எப்படி இருக்கிறது என்பதற்கு அது சாட்சியில்லை.

ஆக, என் வரிசை இது. 2004 முதல் 2007 வரையிலான வி70 2.5டி, முன் சக்கர டிரைவ். அதற்கு அடுத்து, மெக்கானிக் கிடைத்தால், 2004-க்குப் பிந்திய சாப் 9-5, முடிந்தால் மேனுவல். ரசீதுக் கட்டு இருந்தால் மட்டும் சுபாரு. அப்படி ரசீது வைத்திருப்பவர் 7,000 டாலருக்குத் தர மாட்டார் என்பது வேறு விஷயம். பஸாட் வேண்டாம். எதை எடுத்தாலும் 7,000 முழுவதையும் வண்டிக்கே கொடுக்கக் கூடாது. 5,000-க்கு வண்டி, மீதி பெல்ட், ஆயில், டயர், முதல் ஆறு மாதத்து எதிர்பாராத செலவு.

போன சனிக்கிழமை ஒன்டாரியோவிலேயே இருக்கும் கிச்னரில் ஒரு 2006 வி70 பார்க்கப் போனோம். போனெட் ஜில்லென்று இருந்தது. முதல் கிளப்பலில் புகை இல்லை. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து கையுறையை மாட்டினேன், உள்ளே இழுபட்டது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு மட்டும் ரசீது இல்லை. "போன வருஷம்தான் மாத்தினேன்" என்றார் விற்பவர். "இருக்கலாம். நாங்க மாத்தலைன்னே வெச்சுக்கறோம்" என்று பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்றுகிற செலவைக் கழித்து விலை சொன்னோம். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இதற்குள் என் தங்கை பின்கதவைத் திறந்து நாயை ஏற்றிப் பார்த்திருந்தாள். அது காலை நீட்டிப் படுத்துக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது.